கொழும்பு வெயிலும் என் 35 மி.மீ. லென்ஸும்

சனிக்கிழமை, வெள்ளவத்தை

கொழும்புக்கு என்ன லென்ஸ் கொண்டுபோகலாம் என்று யாழ்ப்பாணத்தில் படம் எடுக்கிற தம்பிமார் அடிக்கடி கேட்பார்கள். இந்த முறை என் பையில் இருப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கமரா ஒன்று, 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், பறவைகளுக்காக ஒரு 70–300 மி.மீ. ஸூம் லென்ஸ், சின்ன ட்ரைபொட், பிரதிபலிப்பைக் குறைக்கிற சர்க்குலர் போலரைசர், வெளிச்சத்தைக் குறைக்கிற ஆறு ஸ்டொப் என்.டி. ஃபில்டர் (ஒரு ஸ்டொப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும், குறைத்தால் பாதியாகும்), மேலதிக பட்டரிகள், ஊதித் துடைக்கிற சாமான்கள், சிப் வைத்த பொலித்தீன் பைகள். 70–300ஐப் பறவை பார்க்கப் போகும் காலைக்கு மட்டும் வெளியே எடுப்பேன். மற்ற நேரமெல்லாம் கமராவில் 35தான்.

ஒரே லென்ஸோடு நடந்தால் கமராவைத் தூக்குமுன்பே எங்கே நிற்க வேண்டும் என்று காலுக்குத் தெரிந்துவிடும். எவ்வளவு தூரத்தில் ஓர் ஆள் முழங்கால்வரை வருவார், எவ்வளவு தூரத்தில் கடை முழுதும் வரும் என்பது பழகிவிடும். பிறகு அந்த ஆளோடு பேச நேரம் கிடைக்கும். கொழும்பில் எனக்கு வேண்டியது அந்த நேரம்தான். கருவி வேலைகளை எல்லாம் ஆளுக்கு முன்னால் போய் நிற்குமுன்பே முடித்துவிட வேண்டும். இந்தப் பயணம் முழுவதும் நான் எழுதப்போகிற அமைப்புகள், இலக்கங்கள் எல்லாம் அதற்காகத்தான்.

அக்கா வீடு காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில். ஏசி அறையைத் தந்தார். கமராப் பையை மட்டும் கூடத்தில் வைத்தேன்.

"உள்ள வையனடா, ஏன் வெளியில வைக்கிறாய்?"

"அங்க வைச்சா விடிய வெளியில கொண்டுபோனதும் கண்ணாடி வேர்க்கும் அக்கா."

ஏப்ரலில் கொழும்புக் காற்றில் ஈரம் மிக அதிகம். 24, 25 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கிற எந்தப் பொருளில் பட்டாலும் அது நீராகப் படியத் தொடங்கும். ஏசி அறை 22 பாகையில் இருந்தால் இரவெல்லாம் அதில் கிடந்த கமராவும் 22 பாகைதான். வாசலைத் தாண்டியதும் முன்கண்ணாடி வெள்ளையாகிவிடும். துடைக்கத் துடைக்க மீண்டும் படியும். ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு வேறு வழியில்லாவிட்டால், அறைக்குள்ளேயே கமராவைச் சிப் பையில் போட்டு இறுக்கி மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும், கமரா தப்பும். விடியற்காலை வெளிச்சத்தை நம்பிப் போகிறவர்கள் இந்த அரை மணி நேரத்தைக் கணக்கில் சேர்த்துத்தான் எழும்ப வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, காலி முகத்திடல்

சூரியன் இன்று ஆறேகால் தாண்டிக் கடலுக்குள் இறங்கியது. அதன் பிறகு வானத்தில் படம் எடுக்கத்தக்க வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்றே அதிகம் நிற்கும். லண்டனில் ஜூன் மாதத்தில் இதே அந்தி முக்கால் மணி நேரம் நீளும். நாங்கள் பூமத்திய ரேகைக்கு 7 பாகை வடக்கே இருப்பதால் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக அடிவானத்துக்குள் போகிறது. வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் பிள்ளைகள், அங்கே பழகிய நிதானத்தில் ட்ரைபொட்டை விரித்துக்கொண்டிருக்கும்போதே இங்கே இருட்டிவிடுகிறது. ஐந்தரைக்கே திடலில் நிற்க வேண்டும்.

இந்தப் புல்வெளி 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் நடைபாதையோடு அமைக்கப்பட்டது. மேற்கே மறைக்க எதுவும் இல்லாததால் ஐந்தரை மணி வெயில் தரையோடு தரையாக வந்து ஆட்களின் முகத்தில் நேரே விழும். பட்டம் விடுகிற பிள்ளைகளைக் கடலுக்கு முதுகு காட்டி நின்று எடுத்தால் நிறம் எல்லாம் வெளிவரும். கடலைப் பார்த்து நின்று எடுத்தால் பட்டத்தின் தாள் உள்ளிருந்து ஒளிரும், ஆள் நிழலுருவாவார். இரண்டாவது எனக்கு அதிகம் பிடிக்கும். அதற்குக் கமரா சொல்வதைவிட ஒரு ஸ்டொப் குறைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வானம் வெளுத்துவிடும்.

வெயில் முழுதாய் அடிக்கும்போது ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துவாரம், எஃப் 16 (இலக்கம் குறைந்தால் துவாரம் பெரிது). ஷட்டர், அதாவது வெளிச்சம் விழுகிற நேரம், ஐஎஸ்ஓ என்கிற ஒளி உணர்திறன் இலக்கத்தின் தலைகீழ். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 செக்கன். எஃப் 8க்குத் திறந்தால் இரண்டு ஸ்டொப் கூடும், ஆகவே 1/400. ஃபிலிம் காலத்து ஆட்கள் ஒளிமானி இல்லாமல் எடுத்தது இப்படித்தான். டிஜிட்டலிலும் இதை மனதில் வைத்திருந்தால் கமரா எங்கே ஏமாறுகிறது என்று உடனே தெரியும்.

இன்று நான் காத்திருந்த படம் இறால் வடை வண்டி. சூரியன் மறைந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் வானத்தின் நீலமும் வண்டியில் எரிகிற விளக்கும் ஏறத்தாழ ஒரே பிரகாசத்துக்கு வரும். அதற்கு முன் விளக்கு தெரியாது, அதற்குப் பின் வானம் கறுத்துவிடும். அப்பர்ச்சரை எஃப் 2இலும் ஷட்டரை 1/125இலும் முன்பே வைத்து, ஐஎஸ்ஓவை மட்டும் 1600 பக்கம் ஏற்றிக்கொண்டு போனேன். வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்கிற வைட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் ஒரு படத்தில் முகம் மஞ்சள், அடுத்த படத்தில் வானம் சாம்பல் என்று மாறி மாறி வரும். 4000 கெல்வினில் பூட்டிவிட்டால் முகத்தில் விளக்கின் சூடும் பின்னால் நீலமும் ஒன்றாய் நிற்கும்.

வடை போடுகிற அண்ணனிடம் கேட்டேன். சிரித்தார். "எடுங்க, ஆனா கிட்ட வராதீங்க, எண்ணெய் தெறிச்சா ஒங்க கண்ணாடி போயிரும்." லென்ஸைப் பற்றி இன்று கிடைத்த மிக நல்ல அறிவுரை அவருடையது.

கடலலையைப் பால்போல எடுக்க விரும்புகிறவர்களுக்கு: ஃபில்டர் இல்லாமல் 1/4 செக்கன் வருகிற வெளிச்சத்தில் ஆறு ஸ்டொப் என்.டி. போட்டால் 16 செக்கன் கிடைக்கும். எனக்கு அந்த 1/4 செக்கனே போதும். திரும்பிப் போகிற நுரை கோடுகோடாக விழும், கடல் கடலாகவே இருக்கும். ஈர மணலில் ட்ரைபொட்டின் கால் ஒவ்வொரு அலைக்கும் இறங்கும் என்பதால் முதலிலேயே கையால் நன்றாக அழுத்தி ஊன்றிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை உப்பு. கண்ணாடியில் காய்ந்த உப்பு படிகமாகி நிற்கும். உலர்ந்த துணியால் தேய்த்தால் மேற்பூச்சில் கீறல் விழும். முதலில் ஊதி, பிறகு மெல்ல ஈரமாக்கிய துணியால் ஒற்றி எடுத்து, கடைசியில் காய்ந்த துணி. ட்ரைபொட்டின் கால்களை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன்.

திங்கட்கிழமை, புறக்கோட்டை

ஏப்ரல் 7. இன்று கொழும்பில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே. 12 மணி 10 நிமிடத்தைத் தாண்டியதும் கெய்சர் வீதியில் நின்ற ஒரு விளக்குக் கம்பத்தின் நிழல் அதன் அடியிலேயே மடிந்து கிடந்தது. மதியத்தில் படம் எடுக்காதே என்றுதான் எல்லாரும் சொல்லித் தருவார்கள். கண்குழிகள் கறுத்து, மூக்கின் நிழல் மேலுதட்டில் விழும், உண்மைதான். ஆனால் புத்தாண்டுக்கு முந்திய வாரம் புறக்கோட்டை மதியத்தில்தான் புறக்கோட்டையாக இருக்கிறது. சித்திரைப் பிறப்புக்கு உடுப்பு எடுக்க வந்த சனம், தெரு நடுவில் குவித்த பிளாஸ்டிக் சாமான்கள், மூட்டை ஏற்றிய கைவண்டிகள். அதை விட்டுவிட்டு மாலை வெளிச்சத்துக்குக் காத்திருந்தால் கதவடைத்த கடைகளைத்தான் எடுக்கலாம்.

இங்கே ஒவ்வொரு கடையும் தெருவுக்கு மேலே ஒரு படங்கை இழுத்துக் கட்டியிருக்கிறது. அந்தப் படங்கின் ஓரத்திலிருந்து ஒரு மீற்றர் உள்ளே ஆள் நின்றால் மேலிருந்து வருகிற வெயில் மறைந்துவிடும். எதிரே தெருத் தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் பக்கவாட்டில் வந்து முகத்தில் விழும். பெரிய யன்னல் ஓரத்தில் நிற்கிற மாதிரி. ஸ்டூடியோவில் ஆயிரக் கணக்கில் கொடுத்து வாங்குகிற மென்வெளிச்சம் இதுதான். இரண்டு மீற்றர், மூன்று மீற்றர் உள்ளே போய்விட்டால் இருட்டு. ஆகவே இடத்தைத் தேர்வது ஓரடி ஈரடி விஷயம்.

படங்கின் நிறத்தையும் பார்க்க வேண்டும். நீலப் படங்கின் கீழே முகம் நீலமாகவும் சிவப்பின் கீழே சிவப்பாகவும் வரும். பிறகு கணினியில் எவ்வளவு திருத்தினாலும் உடம்பின் நிறம் ஒழுங்காக வராது, ஏனென்றால் சட்டைக்கு ஒரு நிறமும் கன்னத்துக்கு ஒரு நிறமுமாக வெளிச்சம் கலந்து கிடக்கும். வெள்ளைப் படங்கு, அல்லது வெயிலில் வெளுத்துச் சாம்பலாகிப்போன பழைய படங்கு உள்ள கடையைத் தேடிப்பிடித்து அங்கே நிற்பேன். வெளித்தெருவுக்கும் படங்கின் உட்புறத்துக்கும் மூன்று நான்கு ஸ்டொப் வித்தியாசம் இருப்பதால், கமராவை மனுவலில் போட்டு உட்புற வெளிச்சத்துக்கு ஒருமுறை அளந்து பூட்டிவிட வேண்டும். ஆளுக்குப் பின்னால் கடையின் இருண்ட உட்பகுதி வரும்படி நின்றால் வெளுத்த தெரு படத்துக்குள் வராது.

நடக்கிற கூட்டத்தை எடுக்க ஃபோகஸையும் முன்பே பூட்டிவிடலாம். ஃபுல் ஃப்ரேமில் 35 மி.மீ., எஃப் 8, ஃபோகஸ் 3 மீற்றரில். ஏறத்தாழ 2 மீற்றரிலிருந்து 7 மீற்றர் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். கண்ணைத் தேடிப்பிடிக்கிற புதிய ஓட்டோஃபோகஸ் அருமையான வேலைதான், ஆனால் இருபது முகங்கள் ஒன்றாய் வருகிற இரண்டாம் குறுக்குத் தெருவில் அது எந்தக் கண்ணைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

இந்தத் தெருவில்தான் சிவப்புப் பள்ளிவாசல் இருக்கிறது. ஜாமி உல் அல்ஃபார், சம்மாங்கோட்டுப் பள்ளி என்று எங்கள் ஆட்கள் சொல்வது. 1909இல் கட்டி முடித்தது. சிவப்பும் வெள்ளையும் வரிவரியாக ஓடுகிற செங்கல் வேலையைக் கமராவை அண்ணாந்து பிடித்து எடுத்தால் மினாராக்கள் பின்னோக்கிச் சாய்ந்துவிடும். தெரு ஒடுக்கம், பின்னால் போக இடமில்லை. கமராவை மட்டமாகவே பிடித்து நெடுக்குவாட்டில் எடுத்து, கீழ்ப்பாதியில் வருகிற தெருவைப் பிறகு வெட்டிவிடுவது ஒரு வழி. நான் அந்தக் கீழ்ப்பாதியை வெட்டவில்லை. அதில் கைவண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

வண்டி இழுக்கிற நாட்டாமிகளின் வழியில் நிற்கக் கூடாது. நிறுத்தின வண்டியைத் திரும்ப உருட்ட அவர்களுக்கு எவ்வளவு பலம் போகும் என்று பார்த்தாலே தெரியும். மூட்டையோடு நின்ற ஒரு தம்பியைக் கண்ணால் கேட்டேன்.

"இப்ப வேணாம்ணே. எறக்கிட்டு வாறேன்."

அரை மணி நேரம் அந்தப் படங்கின் கீழேயே நின்றேன். தேத்தண்ணிக் கடை நானா பிளேன்டீ ஒன்று கொடுத்துவிட்டு, "வருவான் தம்பி, நில்லுங்க" என்றார். வந்தார். முகம் கழுவி, தலை வாரி, தோளில் இருந்த துவாயை மடித்துப் போட்டுக்கொண்டு வந்தார். வெளிச்சம் அளந்து முடிந்திருந்தது, ஃபோகஸ் தூரம் தெரிந்திருந்தது. நான் அவரோடு பேசிக்கொண்டே எடுத்தேன். சொந்த இடம் பொகவந்தலாவை. அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார்.

பொகவந்தலாவை என்றதும் எனக்கு ஜூலியா மார்கரெட் கமரன் நினைவு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பெரும் புகைப்படக்காரி. 48 வயதில் முதல் கமராவைக் கையில் எடுத்தவர். 1875இல் குடும்பத்தோடு இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காயுமுன்னே எடுத்துக் கழுவ வேண்டிய காலம். அவர் எங்கள் தோட்டத் தொழிலாளரையும் எடுத்திருக்கிறார். அந்தப் படங்கள் பலவற்றில் நிற்கிறவர்களின் பெயர் எழுதப்படவில்லை. இதைத் தம்பிக்குச் சொன்னேன். "எங்கூருலயா?" என்று ஆச்சரியப்பட்டார். அவருடைய பெயரையும் இலக்கத்தையும் என் கொப்பியில் எழுதிக்கொண்டேன். இங்கே போடமாட்டேன், அது அவருக்கும் எனக்கும்.

கோட்டைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இராணுவக் காவல், துறைமுக வாசல், பாதுகாப்புக் கட்டடம் எதையும் எடுக்க வேண்டாம். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும்.

செவ்வாய்க்கிழமை, செட்டியார் தெரு

நகைக்கடைகளின் தெரு. எல்லாக் கடையிலும் எல்.ஈ.டி. விளக்கு. இங்கே சத்தமில்லாத எலக்ட்ரோனிக் ஷட்டரில் எடுத்தால் படத்தின் குறுக்கே கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் விழும், பலர் கமரா பழுது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். பழுதில்லை. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே மலிவான விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது. எலக்ட்ரோனிக் ஷட்டர் சென்சரை வரிவரியாக வாசிப்பதால் மங்கிய நேரத்து வரி கறுப்பாகவும் எரிந்த நேரத்து வரி வெளுப்பாகவும் பதிகிறது. ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வைத்து மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழுச் சுற்று வெளிச்சம் கிடைத்து, பட்டை போய்விடும். அமெரிக்காவில் எழுதின பாடத்தைப் பார்த்து 1/60, 1/120 என்று வைக்காதீர்கள், அது 60 ஹேர்ட்ஸ் நாட்டுக்கு.

தங்கத்தை எடுப்பது தனி வித்தை. மஞ்சளில் சிவப்பும் பச்சையும்தான் நிறைந்திருக்கும். நீலம் குறைவு. படத்தின் வெளிச்சப் பரவலைக் கமரா வரைந்து காட்டுகிற ஒற்றை ஹிஸ்டோகிராம் சரியாக இருப்பதுபோலத் தோன்றினாலும் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்திருக்கும், அப்போது ஆரத்தின் வேலைப்பாடு எல்லாம் ஒரே மஞ்சள் தட்டாகிவிடும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டுகிற ஹிஸ்டோகிராமை எடுத்து, சிவப்பு வலது விளிம்பை முட்டாதவரை குறைக்க வேண்டும். சென்சர் பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கிற ரோ கோப்பில் எடுத்தால் நிழல் பகுதியைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், ஜேபெக்கில் அவ்வளவு முடியாது.

கண்ணாடிப் பெட்டியில் தெரு பிரதிபலிப்பதைத் தவிர்க்கப் போலரைசர் உதவும். நேருக்கு நேர் நின்று அதைச் சுற்றுவதால் பயனில்லை. பக்கமாக நகர்ந்து சாய்வாகப் பார்க்க வேண்டும், கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 55 பாகை அளவில். தங்கத்தின் மினுக்கத்தை அது குறைக்காது. உலோகத்தில் நேரே பட்டுத் திரும்புகிற வெளிச்சத்துக்குப் போலரைசர் வேலை செய்வதில்லை, அதனால்தான் நகையும் உயிரோடு இருக்கும், கண்ணாடியும் மறைந்துவிடும். விலையாக ஒன்றரை, இரண்டு ஸ்டொப் வெளிச்சம் போகும்.

கடை முதலாளியிடம் முதலில் கேட்டேன். பாதுகாப்புக் கமராக்கள், பெட்டகம், விலைச்சீட்டு எதுவும் படத்தில் வராது என்று எடுத்த படங்களைக் காட்டினேன். பிறகு அவரே ஒரு பழைய கல் அட்டியலை எடுத்துக் கறுப்பு வெல்வெட்டில் வைத்தார்.

கதிரேசன் கோயில்களின் கோபுரத்தை வெளியே நின்றே எடுத்தேன். பிற்பகல் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திரும்பக் கட்டுவித்தது. உள்ளே போனதும் வெயிலில் வெந்த உடம்பு ஆறியது. கமராவைப் பையில் வைத்துக் கும்பிட்டேன். கல் மண்டபமும் எண்ணெய் விளக்கும் எவ்வளவு ஆசை காட்டினாலும், உள்ளே படம் எடுப்பது கோயிலாரின் அனுமதியோடு செய்ய வேண்டிய வேலை, பூசை நேரத்தில் அதையும் கேட்கக் கூடாது. வெளியில் மாலை கட்டுகிற அம்மாவின் விரல்களை 1/60இல் எடுத்தேன். அந்த வேகத்தில் நார் அசைகிறது மெல்லக் கலங்கும், பூ தெளிவாக நிற்கும்.

புதன்கிழமை, பெத்தகான

கோட்டேயில் உள்ள ஈரநிலப் பூங்கா. 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகில் முதலாவதாக அங்கீகாரம் பெற்ற ஈரநில நகரங்களில் கொழும்பும் ஒன்று. மரப்பலகைப் பாதையில் காலையில் நடந்தால் நீலத் தாழைக்கோழி, நீர்க்காகம், கொக்கு, மீன்கொத்தி எல்லாம் காணலாம். கபரகொய்யா என்கிற நீர் உடும்பு ஒன்று பாதைக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தது.

70–300 இன்று வெளியே வந்தது. ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்னதான ஏபிஎஸ்-சி சென்சர் கமரா வைத்திருப்பவர்களுக்கு இங்கே நன்மை, அதே 300 அவர்களுக்கு 450 மி.மீ. போலத் தெரியும். உட்கார்ந்திருக்கிற பறவைக்கு 1/500, பறக்கிறதுக்கு 1/2000, ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டுவிடலாம். வெயிலில் நிற்கிற வெள்ளைக் கொக்கை எடுக்கும்போது ஒரு ஸ்டொப் குறைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள், கூட்ட வேண்டும் என்று சிலர். இரண்டும் சரி. கொக்கு சட்டகத்தை நிரப்பினால் கமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், கூட்ட வேண்டும். கொக்கு சின்னதாக, பின்னால் இருண்ட தண்ணீர் நிறைய இருந்தால் கமரா தண்ணீரை வெளுப்பிக்கப் பார்க்கும், இறகு வெந்துபோகும், குறைக்க வேண்டும்.

மூன்று மணிக்கு இடியோடு மழை. ஏப்ரல் பிற்பகல் இப்படித்தான். மழை விட்டதும் கொம்பனித்தெருப் பக்கம் பேரை வாவிக்குப் போனேன். 350 மீற்றருக்கு மேல் உயர்ந்த தாமரைக் கோபுரத்தின் விளக்கு வாவியிலும் ஈரத் தார்வீதியிலும் இரண்டு முறை விழுந்திருந்தது. போலரைசரைக் கழற்றிவிட்டேன், அது தண்ணீரின் பிரதிபலிப்பை அழித்துவிடும். வாவிக்குள் நிற்கிற சீமமாலகை என்ற பௌத்த தலம் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பதை இங்கே அவமரியாதையாகக் கருதுவார்கள். கூட வருகிறவர்களுக்கு முன்பே சொல்லிவைப்பது நல்லது.

வியாழக்கிழமை, லயனல் வென்ட்

கில்ஃபோர்ட் கிரசென்டில் லயனல் வென்ட் வாழ்ந்த இடத்திலேயே அவர் பெயரிலான கலையரங்கும் காட்சிக்கூடமும் நிற்கின்றன. அவர் 1900இல் பிறந்து 1944இல் இறந்த புகைப்படக் கலைஞர். சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர், 1943இல் ஓவியர்கள் சேர்ந்து அமைத்த 43 குழுவின் மையமாய் இருந்தவர். இருட்டறையில் கறுப்பையும் வெள்ளையையும் தலைகீழாக்கியும் படத்தின் மேல் படம் பதித்தும் அவர் செய்த சோதனைகளை இன்றைக்கு ஒரு பட்டனில் செய்கிறோம். ஆனால் சாதாரண இலங்கை மனிதரின் தோளிலும் முதுகிலும் வெளிச்சம் எங்கே நின்று எங்கே கரைய வேண்டும் என்று அவருக்கிருந்த தீர்மானம் வேறு. இங்கே படம் எடுக்கிற ஒவ்வொருவரும் அவருடைய படங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். அவருடைய நெகட்டிவ்கள் அவர் இறந்தபின் அழிக்கப்பட்டன. எஞ்சியது அச்சுப் படங்கள் மட்டுமே.

மாலையில் அக்கா மகன் கமரா வாங்கவேண்டும் என்று வந்து உட்கார்ந்தான். "மாமா, 40 மெகாபிக்சல் வேணுமா?"

8க்கு 12 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளியில் அச்சடிக்க 2400க்கு 3600 போதும், அதாவது 9 மெகாபிக்சலுக்கும் குறைவு. பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய கமராவும் அதைத் தரும். மிச்சக் காசுக்கு 50 மி.மீ. எஃப் 1.8 போன்ற ஒரு லென்ஸ் வாங்கச் சொன்னேன். பழையது வாங்கும்போது பார்க்க வேண்டியது பூஞ்சணம். லென்ஸின் பின்பக்கத்தால் ஃபோனின் டோர்ச்சை அடித்து முன்பக்கத்தால் சாய்த்துப் பார்த்தால் சிலந்தி நூல்போல வெள்ளை இழைகள் தெரியும். தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். கொழும்பின் ஈரம் அதை வளர்த்துக்கொண்டே இருக்கும். வாங்கியதைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு, சின்ன ஈரமானி ஒன்றும் வைத்து, ஈரப்பதத்தை 40க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் வைத்திருக்கச் சொன்னேன். அலுமாரிக்குள் தோல் பையில் போட்டு மூடிவைப்பதுதான் பூஞ்சணத்துக்கு மிகப் பிடித்த இடம். அதைவிட நல்ல மருந்து, வாரத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்துப் படம் எடுப்பது.

வென்ட்டின் நெகட்டிவ்களை நினைத்துக்கொண்டு காலையிலேயே நாட்டாமித் தம்பியின் படத்தை ஸ்டூடியோ ஒன்றில் அச்சுக்குக் கொடுத்திருந்தேன். மருமகனையும் கூட்டிக்கொண்டு, கடைகள் பூட்டுமுன் புறக்கோட்டைக்குப் போய் அவரைத் தேடிப்பிடித்தோம். 8க்கு 12 அங்குலம். கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு ஓரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது அம்மாவுக்கு. எனக்கு இன்னொன்னு சின்னதா போடலாமாண்ணே?"

பின்பக்கத்தில் அவருடைய பெயரையும், இடத்தையும், ஏப்ரல் 7 என்ற தேதியையும் எழுதினேன். சின்னப் பிரதியை நாளைக்கு மருமகன் கொண்டுவந்து கொடுப்பான்.